மைல்கல்லில் நின்ற மாப்பிள்ளை

கல்யாண ஹால் அறையில் என் வலது கண்ணுக்கு மை தீட்டி முடித்து, அலங்காரம் செய்ய வந்த சுனந்தா இடது கண்ணுக்கு வந்தபோது அப்பாவின் போன் வந்தது.

“ஏட்டி பேச்சி, மாப்பிள்ளை வீட்டு ஆளுகள இன்னும் காணோம். ஒனக்கு எதுவும் போன் வந்துச்சா?”

கல்யாணத்தன்று காலையில், முகத்தில் பாதி பவுடரோடு உட்கார்ந்திருக்கும் பெண்ணிடம் போய் மாப்பிள்ளையைக் காணோம் என்று சொல்லலாமா என்றெல்லாம் அப்பா யோசிக்க மாட்டார். வீட்டில் கேஸ் தீர்ந்தாலும், பட்டறையில் மெஷின் நின்றாலும், ஊரிலிருந்து வந்த யாராவது தாதர் ஸ்டேஷனில் வழி தெரியாமல் நின்றாலும் முதல் போன் எனக்குத்தான். அன்றைக்கு ஒரு நாளாவது வேறு யாரையாவது கூப்பிடுவார் என்று நான்தான் தப்பாக எதிர்பார்த்துவிட்டேன்.

“நீங்க எங்கன நிக்கிய?”

“கல்லுக்கிட்டதான். வேற எங்கன நிப்பேன்.”

போனை வைத்த கையோடு மாப்பிள்ளை கணேசனிடமிருந்து ஒரு செய்தி வந்து விழுந்தது. ‘உங்க வீட்டு ஆள் யாரையும் காணோம். கல்லுக்குப் பக்கத்திலேயே நிற்கிறோம். அப்பா வாட்சைப் பார்த்துக்கொண்டே இருக்கிறார்.’

அப்பா நாதஸ்வரம், தவிலோடு ஒரு கூட்டத்தைக் கூட்டிக்கொண்டு கல்லுக்குப் பக்கத்தில் நிற்கிறார். கணேசனின் அப்பா பேண்டு வாத்தியத்தோடு இன்னொரு கூட்டத்தைக் கூட்டிக்கொண்டு கல்லுக்குப் பக்கத்தில் நிற்கிறார். இருவர் கண்ணுக்கும் மற்றவர் தெரியவில்லை.

சுனந்தா என் தாடையைப் பிடித்து நிமிர்த்தி, “ஹில்னா மத் தீதி, ஏக் ஆங்க் பாக்கி ஹை” என்றாள். ஆடாதே, இன்னும் ஒரு கண் பாக்கி என்கிறாள். எனக்கு ஒரு மாப்பிள்ளையே பாக்கியிருந்தது.

சென்ற வாரக் கட்டுரையைப் படித்த பாண்டுப் வாசகி ஒருவர், “பல் பிடுங்கியதை ஒரு வாரம் முழுக்க எழுதினீர்கள், கல்யாணம் நடந்ததா இல்லையா என்று ஒரு வரியில் சொல்லக் கூடாதா” என்று கோபித்துக்கொண்டிருக்கிறார். சொல்லலாம். ஆனால் அன்று காலையில் எனக்கு யாரும் ஒரு வரியில் பதில் சொல்லவில்லை. நான் பட்ட பாட்டில் பாதியாவது மற்றவர்களும் படட்டுமே என்ற கெட்ட எண்ணம்தான்.

புதிதாகப் படிக்கிறவர்களுக்கு: நான் செம்பூரில் ஒரு பல் மருத்துவமனையின் வரவேற்பு மேஜையில் உட்காருகிறவள். அப்பா சுடலைமுத்து தாராவியில் தோல் பர்ஸ் தைக்கிற பட்டறை வைத்திருந்தார். கணேசன் மாட்டுங்காக்காரர். கடைவாய்ப் பல்லைப் பிடித்துக்கொண்டு எங்கள் மருத்துவமனைக்கு வந்தவர், பல் போன பிறகும் வந்துகொண்டிருந்தார். விசாரித்துப் பார்த்ததில் இரண்டு குடும்பமும் திருநெல்வேலிப் பக்கத்து ஒரே வகையறா. அப்புறம் என்ன, பெரியவர்கள் பார்த்து முடித்த சம்பந்தமாகவே அதை நடத்திவிட்டோம். பெண் பார்க்க வந்த அன்று அவர் என்னை முதல்முறை பார்ப்பதுபோல் பார்த்த பார்வையில் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வெட்கப்படுகிறாள் என்று சொல்லிக்கொண்டார்கள்.

எனக்கு அப்போது முப்பத்தொரு வயது. அதற்கு முன்னால் மூன்று சம்பந்தம் தட்டிப் போயிருந்தது. ஒன்று ஜாதகத்தில், ஒன்று என் நிறத்தில், ஒன்று நிச்சயத் தட்டை யார் முதலில் நீட்டுவது என்ற சண்டையில். கணேசனை எனக்கு ரொம்பவும் பிடித்திருந்தது. இதுவும் நின்றுபோனால் இன்னொருவன் முன்னால் காபித் தட்டோடு போய் நிற்பதில்லை என்று முடிவு செய்து வைத்திருந்தேன். அதனால் இந்தக் கல் விவகாரம் அன்றைக்கு எனக்கு வேடிக்கையாக இல்லை.

ரயில் வாசலில் செல்லையா மாமா

எங்கள் பக்கத்து வழக்கத்தைச் சொல்லிவிடுகிறேன். மாப்பிள்ளை வீட்டார் ஊர் எல்லையில் வந்து நிற்பார்கள். பெண் வீட்டார் மேளத்தோடு அங்கே போய், ஆரத்தி எடுத்து, தேங்காய் உடைத்து, “வாங்க” என்று கூப்பிட வேண்டும். கூப்பிட்ட பிறகுதான் அவர்கள் காலெடுத்து வைப்பார்கள். கூப்பிடாமல் உள்ளே வருகிறவனுக்கு மரியாதை இல்லை. எல்லையைத் தாண்டி ஓடிப்போய்க் கூப்பிடுகிறவனுக்கும் இல்லை.

தாராவிக்கு வந்தவர்கள் தட்டுமுட்டுச் சாமான்களோடு இந்த வழக்கத்தையும் கட்டிக்கொண்டு வந்தார்கள். வந்த இடத்தில் எல்லையைத்தான் காணவில்லை. எங்கள் சந்து எங்கே முடிகிறது, அடுத்த சந்து எங்கே தொடங்குகிறது என்பதில் தபால்காரருக்கே குழப்பம் உண்டு.

முதலில் சயான் ஸ்டேஷனையே எல்லையாக வைத்துப் பார்த்தார்கள். செல்லையா மாமாவின் கல்யாணத்தோடு அந்த ஏற்பாடு ஒழிந்தது. செல்லையா மாமா என் அம்மாவின் தம்பி. டெம்போ ஓட்டுகிறவர், பேச்சில் யாருக்கும் இறங்கிப் போகாதவர். அப்போது அவர் பாண்டுப்பில் குடியிருந்தார். பட்டு வேட்டியும் மாலையுமாக லோக்கல் ரயிலில் சயானுக்கு வந்து சேர்ந்தார். பிளாட்பாரத்தில் பெண் வீட்டார் ஆரத்தித் தட்டோடு நின்றார்கள். கூப்பிட்ட பிறகுதான் இறங்க வேண்டும் என்று மாமா கம்பியைப் பிடித்துக்கொண்டு ரயில் வாசலிலேயே நின்றார்.

காலை நேரத்து லோக்கலின் வாசலில் ஒருவர் இறங்காமல் நின்றால் என்ன ஆகும் என்று மும்பைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஏறிய கூட்டம் அவரை உள்ளே தள்ளிக்கொண்டு போய்விட்டது. மாட்டுங்காவில் அவரால் வாசலுக்கு வர முடியவில்லை. தாதரில்தான் இறங்கினார். மாலையில் நார் மட்டும் பாக்கி இருந்தது என்று மாமி இன்றைக்கும் சொல்லுவாள்.

அதற்குப் பிறகு பெரியவர்கள் கூடிப் பேசித் தேர்ந்தெடுத்ததுதான் கல்.

எழுத்து வெட்டின கல்

சயான் பக்கம், மேம்பாலத்துக்குக் கீழே, நடைபாதை ஓரத்தில் முழங்கால் உயரத்துக்கு ஒரு கருங்கல் உண்டு. வெள்ளைக்காரன் காலத்து மைல்கல். நாசிக் வழியாக வடக்கே ஆக்ரா வரைக்கும் போகிற பழைய நெடுஞ்சாலைக்கு அதுதான் முதல் கல் என்று எங்கள் சந்தில் பேச்சு. யாரோ ஒருமுறை அதற்கு மஞ்சள் பூசிப் பார்த்திருக்கிறார்கள். “எழுத்து வெட்டின கல்லுல சாமி இருக்காது, அது சர்க்கார் கல்லு” என்று ஒரு பெரியவர் தடுத்துவிட்டார். சாமி இல்லாவிட்டாலும் சர்க்கார் இருந்ததால் எல்லைக்கு அது தோதாகப் போயிற்று.

செல்லையா மாமாவுக்கு அந்தக் கல்லின் மேல் தனிப்பட்ட உரிமை. “இதே மாதிரி ஆக்ராவுல ஒரு கல்லு நிக்கி. இது தொடக்கம்னா அது முடிவு. நான் கண்ணால பாத்திருக்கேன்” என்பார். மாமாவின் டெம்போ நாசிக்கைத் தாண்டியதில்லை என்பது மாமிக்குத் தெரியும். அவர் சொல்லி முடிக்கும்வரை மாமி தலை நிமிராமல் வெங்காயம் உரித்துக்கொண்டிருப்பாள்.

எங்கள் சந்தில் ஒருவர், மகள் கல்யாணத்தன்று, மழையில் நனைகிறார்களே என்று இரக்கப்பட்டு, கல்லைத் தாண்டி நாலு எட்டு போய் மாப்பிள்ளை வீட்டாருக்குக் குடை பிடித்துவிட்டார். அவ்வளவுதான். அந்தப் பெண்ணின் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிற காலம் வரைக்கும், குழம்பில் உப்பு குறைந்தால்கூட மாமியார்க்காரி, “கல்லைத் தாண்டி வந்தவன் மகதான நீ” என்பாளாம். அந்தப் பெண் தாய்வீட்டுக்கு வரும்போதெல்லாம் எங்கள் அம்மாவிடம் அழுதுவிட்டுப் போவாள். அப்பா பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பார்.

இரண்டாவது கல்

நிச்சயதார்த்தத்தன்று அப்பா, “கல்லுக்கிட்ட வந்து அழைச்சிக்கிடுதோம்” என்றார். “பேஷா. நாங்க கல்லுகிட்ட வந்து நிக்கறோம்” என்றார் என் மாமனார் அருணாசலம். ஒரு கப்பல் கம்பெனியில் ஹெட் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். மாட்டுங்காவில் ஐயர் வீடுகளுக்கு நடுவே நெடுங்காலம் இருந்ததில் ‘பேஷ்’ ஒட்டிக்கொண்டிருந்தது.

எந்தக் கல்லை மனதில் வைத்துக்கொண்டு தலையாட்டினீர்கள் என்று பிற்பாடு கேட்டேன். எந்தக் கல்லும் இல்லையாம். ஹாலுக்குப் பக்கத்தில் ஏதோ ஒரு கல் இருக்கும், போனால் தெரிந்துவிடும் என்று இருந்தாராம்.

இந்த நிலையில்தான், கல்யாணத்துக்குச் சில மாதம் இருக்கும்போது, நகரத்தின் பழைய சின்னங்களைப் பராமரிக்கிறவர்கள் மாட்டுங்கா பக்கத்து நடைபாதையைத் தோண்டினார்கள். சிமெண்டுக்குக் கீழே இன்னொரு மைல்கல் புதைந்து கிடந்திருக்கிறது. எடுத்துக் கழுவி, நிமிர்த்தி வைத்து, பக்கத்தில் ஒரு பலகையும் நட்டார்கள். தெற்கே கோட்டைப் பக்கமிருந்து வருகிற நகரத்துச் சாலையின் கடைசிக் கல் அது என்று பலகை சொன்னது. மாமனார் காலையில் நடைப்பயிற்சிக்குப் போகிற பாதையில் அந்தப் பலகை. போர்டு என்று ஒன்று இருந்தால் கடைசி எழுத்துவரை படிக்காமல் நகராதவர் அவர். படித்துவிட்டு, ஓ, சம்பந்தி சொன்ன கல் இதுதான் என்று தீர்மானித்துவிட்டார்.

நகரத்துச் சாலை முடிகிற கல் அங்கே. வடக்குச் சாலை தொடங்குகிற கல் இங்கே. நடுவில் பத்து நிமிஷ நடை. இத்தனை பெரிய ஊரை நிர்வாகம் செய்த வெள்ளைக்காரனுக்கு ஒரு சாலை முடிகிற இடத்திலேயே அடுத்த சாலையைத் தொடங்கத் தெரியவில்லை.

கையில் போன் இருக்கிற காலத்தில் இது ஐந்து நிமிஷத்தில் தெரிந்துவிடுமே என்பீர்கள். ஐந்து நிமிஷத்தில் தெரிந்துவிட்டது. தெரிந்த பிறகுதான் சண்டையே ஆரம்பித்தது.

யார் நகர்வது

இரண்டு சம்பந்திகளும் நேராகப் பேசிக்கொள்ள மாட்டார்கள். முதலில் போன் போட்டவர் இறங்கி வந்ததாக ஆகிவிடுமாம். ஆகவே என் போனில் அப்பா, சுனந்தாவின் போனில் மாமனார். சுனந்தா ஸ்பீக்கரைப் போட்டு இரண்டையும் முகத்துக்கு முகம் பிடித்துக்கொண்டு நின்றாள். அவளுக்குத் தமிழ் ஒரு வார்த்தை தெரியாது. ஆனாலும் குரல் உயரும்போதெல்லாம் போன்களை விலக்கிப் பிடித்தாள்.

“பேச்சி, உங்கப்பாகிட்ட சொல்லும்மா. எல்லைன்னா என்ன? ஊர் முடியற இடம். போர்டுல க்ளியரா போட்டிருக்கான், சிட்டி ரோடு இங்க முடியுதுன்னு. அப்ப இதுதான் எல்லை. சிம்பிள்.”

அப்பா பதில் சொல்வதற்குள் செல்லையா மாமா போனைப் பிடுங்கிக்கொண்டார். “சிட்டி முடிஞ்சா எங்களுக்கு என்னவே? எங்க எடம் ஆரம்பிக்கித இடந்தான் எங்களுக்கு எல்லை. வடக்க போற ரோடு இங்கனதான் ஆரம்பிக்கி. இந்தக் கல்லுக்குத் தெக்க ஆட்டோக்காரன் ஒரு அடி வரமாட்டான். ஆட்டோக்காரனுக்குத் தெரிஞ்ச எல்லை ஆபீஸருக்குத் தெரியலியாக்கும்.”

ஆட்டோ விஷயத்தில் மாமா சொன்னது நிஜம். சயானுக்குத் தெற்கே டாக்சிதான், ஆட்டோவுக்கு அனுமதி கிடையாது. மாமனார் ஒரு கணம் தடுமாறினார். தடுமாறியதில் மாட்டுங்காத் தமிழ் கழன்று விழுந்துவிட்டது.

“ஏலே, எவம்லே அது நடுவுல பேசுதது?”

“நான் பொண்ணோட தாய்மாமன்லே.”

“அப்ப நடுவுல இருக்கிற இடம் எந்த ஊரு?” என்று நான் கேட்டேன்.

நடுவில் இருந்தது ஒரு சிக்னல், ஒரு மருந்துக்கடை, ஒரு ஜூஸ் கடை, ஒரு கட்டணக் கழிப்பறை. எங்கள் தவில்காரர் ஜூஸ் குடிக்க அங்கே போயிருக்கிறார். மாப்பிள்ளைத் தோழர்கள் கழிப்பறைக்கு வந்திருக்கிறார்கள். எல்லோரும் அங்கே சந்தித்து, கைகொடுத்து, வெயிலைப் பற்றிப் பேசிவிட்டு, அவரவர் கல்லுக்குத் திரும்பிப் போயிருக்கிறார்கள். இது பிற்பாடு தெரிந்தது.

கணேசன் தனியாக ஒரு போன் போட்டார். “நான் கார்லேர்ந்து இறங்கி நடந்தே வந்துடறேன் பேச்சி.” பின்னாலிருந்து யாரோ, “மாப்பிள்ளை தானா நடந்து போனா ஊரு சிரிக்கும்டா” என்று அதட்டுவதும், ட்ராபிக் போலீஸ்காரர் ஒருவர் “காடி ஹடாவ், காடி ஹடாவ்” என்று பூ அலங்காரக் காரை எடுக்கச் சொல்லுவதும் கேட்டன. இணைப்பு அறுந்தது.

சமையல்காரர் அறை வாசலில் வந்து நின்றார். “பொங்கல் கெட்டியாயிட்டும்மா. நெய் விட்டா எளகும். விடவா, வேண்டாமா?” கல்யாணம் நடக்குமா என்பதைத்தான் அந்த மனிதர் நாசூக்காகக் கேட்கிறார் என்று புரிந்தது. நல்ல நேரம் பத்தரையோடு முடிகிறது. மணி ஒன்பதரையைத் தாண்டிவிட்டது.

அப்பா மறுபடி கூப்பிட்டார். இந்தத் தடவை ஸ்பீக்கர் இல்லை. கூட்டத்தை விட்டுத் தள்ளி நின்று பேசினார் போல, குரல் இறங்கியிருந்தது.

“ஏட்டி, எனக்கு இதுல ஒண்ணும் இல்ல. ஓடிப் போயி அந்த மனுசன் கையப் பிடிச்சிக் கூப்பிட்டுருவேன். ஆனா பெறகு ஒன்னயத்தான சொல்லுவாவ. நான் இன்னைக்கு ஒருநா எறங்கிட்டேம்னா நீ அந்த வீட்டுல காலம் பூரா எறங்கி நிக்கணும். அத என்னால பாத்துக்கிட்டு இருக்க முடியாதுட்டி.”

எனக்கு அப்பாவின் மேல் கோபம் கோபமாக வந்தது. அழுகையும் வந்தது. வலது கண்ணை நினைத்து அடக்கிக்கொண்டேன்.

மேம்பாலத்தின் மேலே

என் மேஜைக்கு முன்னால் இரண்டு நோயாளிகள் நான்தான் முதல், நீ இல்லை என்று சண்டை போட்டால் நான் யாரையும் சமாதானப்படுத்த மாட்டேன். மூன்றாவதாக ஒருவரை உள்ளே அனுப்பிவிடுவேன். அவர் வெளியே வருவதற்குள் இரண்டு பேருக்கும் சூடு ஆறியிருக்கும். இத்தனை வருஷ வேலையில் நான் கற்றுக்கொண்ட ஒரே வித்தை அதுதான்.

மாப்பிள்ளை கூப்பிடாமல் வரக் கூடாது. பெண் வீட்டார் கல்லைத் தாண்டக் கூடாது. கல்யாணப் பெண் என்ன செய்யக் கூடாது என்று யாரும் சொல்லி வைக்கவில்லை. அவள் எழுந்து போவாள் என்றே எவருக்கும் தோன்றியிராது.

சமையல்காரரிடம், “நெய் விடுங்கண்ணே” என்று சொல்லிவிட்டுக் கூரைப் புடவைக் கொசுவத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு படியிறங்கினேன். மைப் பென்சிலோடு சுனந்தாவும் பின்னாலேயே ஓடி வந்தாள். ஒரு கண்ணோடு என்னைத் தெருவில் விட்டால் அவள் தொழில் என்ன ஆகும்.

டாக்சிக்காரர் கண்ணாடி வழியாக என்னை நெடுநேரம் பார்த்தார். “ஷாதி சே பாக் ரஹீ ஹோ க்யா, பேட்டி?” என்று பயந்துகொண்டே கேட்டார். கல்யாணத்திலிருந்து ஓடிப்போகவில்லை, கல்யாணத்துக்குத்தான் ஓடுகிறேன் என்று எனக்குத் தெரிந்த இந்தியில் சொன்னேன். அவர் நம்பியதாகத் தெரியவில்லை. ஆனால் வண்டியை வேகமாக ஓட்டி, மாட்டுங்கா பக்கம் போகிற மேம்பாலத்தில் ஏற்றினார்.

பாலத்தின் மேல் நெரிசலில் வண்டி நின்றபோது கீழே பார்த்தேன். எங்கள் ஆட்கள் எல்லோரும் தெரிந்தார்கள். அம்மா ஆரத்தித் தட்டைக் கை மாற்றிக் கை மாற்றிப் பிடித்துக்கொண்டிருந்தாள். செல்லையா மாமா யாரிடமோ தெற்கே கையைக் காட்டி என்னவோ விளக்கிக்கொண்டிருந்தார். அப்பா கல்லை ஒட்டி நின்றார். செருப்பின் நுனி கல்லைத் தாண்டாமல் இருக்கிறதா என்று குனிந்து பார்த்து, காலைக் கொஞ்சம் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். அந்தச் செருப்பு அவரே தைத்தது. அப்போதுதான் எனக்குக் கோபம் போயிற்று.

சுனந்தா ஓடுகிற டாக்சியிலேயே இடது கண்ணை முடித்துவிடப் பார்த்தாள். பாலம் இறங்குகிற இடத்தில் ஒரு பள்ளம். மைக்கோடு காது வரைக்கும் போய்விட்டது. எங்கள் கல்யாண ஆல்பத்தில் என்னை எல்லாப் படத்திலும் வலது பக்கமாகவே எடுத்திருப்பதற்குக் காரணம் இதுதான்.

பான் கடைச் சுண்ணாம்பு

டாக்சி போய் நின்றதும் பேண்டு வாத்தியம் பாதிப் பாட்டில் நின்றது. மாமனார் புதுக் கல்லின் தலையில் ஒரு கையை வைத்துக்கொண்டு நின்றிருந்தார். கணேசன் காருக்குள் மாலையும் வியர்வையுமாக உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்து, கார் கூரையில் தலையை இடித்துக்கொண்டார்.

“மாமா, பத்தரைக்கு முகூர்த்தம் முடியுது” என்றேன். வழியெல்லாம் யோசித்து வைத்திருந்த வசனங்கள் ஒன்றும் வாயில் வரவில்லை.

“நீ எதுக்கும்மா வந்தே? உங்கப்பா அனுப்பினாரா?”

“அப்பாவுக்குத் தெரியாது.”

கூட்டம் என்னைச் சுற்றி நெருங்கி வந்தது. போலீஸ்காரர்கூட விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டார். இவ்வளவுதான், இனி நம்மைக் கல்யாணத்தன்று மாப்பிள்ளையைத் தேடித் தெருவுக்கு வந்தவள் என்று சொல்லப்போகிறார்கள் என்று நினைத்தேன்.

கணேசனின் அம்மா கோமதி அத்தை அதுவரை ஓரமாக நின்றிருந்தாள். காலையிலிருந்து பல்லைக் கடித்துக்கொண்டு நின்றிருக்கிறாள் என்பது தாடையைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்தது. அவள் புருஷனை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள்.

“என்ன கேள்வி கேட்டுக்கிட்டு நிக்கிய? பெண்ணழைப்புக்குப் பொண்ணு வந்து நிக்கா. கூட்டிக்கிட்டுப் போயி மண்டபத்துல விட வேண்டியது நம்ம பொறுப்பா, இல்ல போலீஸ்காரன் பொறுப்பா?”

பெண்ணழைப்பு என்பது முந்தின நாள் சாயங்காலம் மாப்பிள்ளை வீட்டார் வந்து பெண்ணை மேளத்தோடு மண்டபத்துக்கு அழைத்துப் போகிற சடங்கு. எங்களுக்கு ஹால் காலையில்தான் கிடைத்ததால் அதை விட்டுவிட்டிருந்தோம். அதாவது அவர்கள் பக்கம் ஒரு சடங்கு செய்யாமல் பாக்கி கிடந்தது. அத்தை அதைப் பிடித்துக்கொண்டாள்.

மாமனாரின் முகம் மெல்லத் தெளிந்தது. “கரெக்ட்” என்றார். “நாம கூப்பிடாம போகலை. நாம பொண்ணக் கூட்டிட்டுப் போறோம். அது வேற, இது வேற. டோட்டலா வேற.”

பெண்ணை அழைக்க ஆரத்தி வேண்டும். தாம்பூலத் தட்டில் மஞ்சள்தூள் இருந்தது, பாட்டிலில் தண்ணீர் இருந்தது, சுண்ணாம்பு இல்லை. சுனந்தாவிடம் அத்தை தன் உள்ளங்கையில் தடவிக் காட்டினாள். அவள் தெரு முனைப் பான் கடைக்கு ஓடி, வெற்றிலையில் சுண்ணாம்போடு திரும்பினாள். பின்னாலேயே பான் கடைக்காரரும் கல்லாவை விட்டுவிட்டு வேடிக்கை பார்க்க வந்தார். கரைத்ததும் தண்ணீர் நன்றாகவே சிவந்தது. அத்தை எனக்குச் சுற்றி, நெற்றியில் பொட்டு வைத்தாள். வைக்கும்போது காதோடு, “நானும் எம்புட்டு நேரந்தான் நிக்கது, முட்டுவலிக்காரி” என்றாள்.

போலீஸ்காரர் சந்தோஷமாகப் போக்குவரத்தை நிறுத்தினார். பேண்டு முன்னால் போயிற்று. நான் அத்தையோடு நடந்தேன். கணேசன் காரை விட்டு இறங்கி என் பக்கத்தில் வந்தார். தாலி கட்டுவதற்கு முன்னால் சேர்ந்து நடக்கக் கூடாது என்று யாரோ விரட்ட, சாலைத் தடுப்பை ஒட்டித் தனியாக நடந்து வந்தார். சிக்னல், மருந்துக்கடை, ஜூஸ் கடை எல்லாம் தாண்டினோம். யாருக்கும் சொந்தமில்லாத அந்த இடத்தில் நடக்கும்போது எனக்கு ஒரு பயமும் இல்லை. சிரிப்புக்கூட வந்தது.

அந்தப் பக்கம்

எங்கள் கல் தெரிந்ததும் செல்லையா மாமாவின் குரல்தான் முதலில் கேட்டது. “வந்துட்டாவ அத்தான், எறங்கி வந்துட்டாவ.” நாதஸ்வரம் கிளம்பியது. இன்னும் கொஞ்சம் கிட்டே போனதும் அவர்கள் கண்ணில் நான் பட்டேன். நாதஸ்வரக்காரர் சீவாளியை வாயிலிருந்து எடுத்துவிட்டார். தவில் மட்டும் தானாக நாலு அடி அடித்துவிட்டு நின்றது.

மாமனார் கல்லுக்கு ஒரு முழம் முன்னால் நின்றார். “சம்பந்தி, நாங்க கூப்பிடாம வரலை. பொண்ணை அழைச்சுட்டு வந்திருக்கோம். அது எங்க கடமை. எல்லையில நின்னு எங்களைக் கூப்பிட வேண்டியது உங்க கடமை.”

அப்பா கல்லைத் தாண்டவில்லை. அவர்கள் கூப்பிடாமல் வரவில்லை. இதில் ஆட்சேபிக்க ஏதாவது கிடைக்குமா என்று செல்லையா மாமா மேலும் கீழும் பார்த்தார், ஒன்றும் கிடைக்கவில்லை. அம்மா ஓடி வந்து, இருக்கிற எல்லோருக்கும் சேர்த்து ஆரத்தியைச் சுற்றினாள். மாமாவே தேங்காயை உடைத்தார்.

அப்பா துண்டை எடுத்து இடுப்பில் கட்டினார். கையைக் கூப்பி ஒவ்வொருவராகக் கூப்பிட்டார். மாமனாருக்கு ஒரு “வாங்க”. அத்தைக்கு ஒரு “வாங்க”. கணேசனுக்கு, “வாங்க மாப்பிள்ளை.” கூப்பிய கை அப்படியே என் பக்கம் வந்தது.

“வாங்க” என்றார்.

பழக்க வேகத்தில் வந்துவிட்டது என்று நினைத்தேன். அப்படி இல்லை. என் முகத்தைப் பார்த்துத்தான் சொன்னார். அறைக்குள்ளிருந்து எழுந்து வந்தது, டாக்சி பிடித்தது, அத்தனை ஆண்கள் முன்னால் நின்று பேசியது எல்லாம் எனக்கு முடிந்தது. இதைத்தான் தாங்க முடியவில்லை.

“எப்பவும் போல ஏட்டின்னே கூப்பிடுங்கப்பா” என்றேன்.

அப்பா சம்பந்தியை ஒருமுறை பார்த்துக்கொண்டார். என் பக்கம் குனிந்து, யாருக்கும் கேட்காத குரலில், “அவுக ஆளுகளோடல்லா வந்து நிக்கிய. மொதல்ல இந்தப் பக்கம் வாங்க, கூப்பிடுதேன்” என்றார்.

கல்லைத் தாண்டி அவர் பக்கத்தில் போய் நின்றேன். அப்பாவுக்கு ஏட்டி என்று கூப்பிட வரவில்லை. இடுப்பில் கட்டிய துண்டை அவிழ்த்து வாயைப் பொத்திக்கொண்டு நின்றார்.